வாய்தாவுக்கு ஒத்துக்கொண்டவள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூன்று நாளாகப் போன் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் அண்ணிதான் எடுத்து, "அவர் குளிச்சிட்டிருக்கார்மா" என்கிறார். உங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். குளித்து முடித்துத் தலை துவட்டியதும் படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வழக்காடிகள் பேரவையில் சேர்ப்பதற்கு என் பெயர் போயிருந்ததாம். போன மாதமே விழுந்தும் விட்டதாம். நாலு நாள் முன்னால்தான் எனக்குத் தெரியும். சொன்னவர் மீசைக்காரர். எங்கள் கோர்ட்டில் கொலை வழக்கெல்லாம் நடத்துகிறாரே, அவரேதான். என் பெயரை முன்மொழிந்தவரும் அவராம். "விதிப்படி உன்கிட்ட நான் மூச்சு விடக் கூடாது. ஆனா வயிறு எரியுது, சொல்லிட்டேன்" என்றவர், வாங்கிய டீயைக்கூடக் குடிக்காமல் கேன்டீனை விட்டுப் போய்விட்டார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்தப் பேரவையைப் பற்றி எனக்குச் சொன்னதே நீங்கள்தானே. "நாமளா மனு போட முடியாது. அவங்களா ஒருத்தரைப் பாத்து வெச்சு, அவர் யார் யாருக்கு எதிரா வழக்கு நடத்தினாரோ அந்த வக்கீலுங்ககிட்டயும் ஜட்ஜுங்ககிட்டயும் விசாரிச்சு, ஓட்டுப் போட்டு, அப்புறம்தான் கூப்பிடுவாங்க. கடைசி வரைக்கும் ஆளுக்கே தெரியக் கூடாது" என்றீர்கள். "மாட்டுக்காவது பல்லைப் பிடிச்சுப் பாக்குறாங்கன்னு தெரியும்" என்று நான் சொல்லப்போய், உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் எதற்காக விழுந்தது என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. அந்தத் தொழிற்சாலை வழக்கில், வாய்தாவுக்கு ஒத்துக்கொள்கிறேன் என்று எதிர்த்தரப்பு வக்கீலிடம் சொல்லிவிட்டு, அவர் வராத நேரம் பார்த்து எழுந்து "தயார்" என்றேனாம். வார்த்தை தவறியவளாம். மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டேனாம், இது ஒன்றில்தான் கவிழ்ந்ததாம்.

அந்த எதிர்த்தரப்பு வக்கீல் நீங்கள் அண்ணா. தேர்வுக் குழுவில் இருப்பவரும் நீங்கள். அன்றைக்கு நீங்கள் கூட்டத்துக்கே போயிருக்க மாட்டீர்கள், காய்ச்சலோ என்னவோ. இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பீர்கள். மாசக் கடைசியில் மறுபடி கூடுகிறார்களாம். அதற்குள் விவரம் தெரிந்தவர் யாராவது வாய் திறந்தால் என் பெயரை மறுபடி எடுப்பார்களாம். உங்களை விட்டால் வேறு யாருக்கு விவரம் தெரியும்?

ஒரு வரி பதில் போடுங்கள். நிம்மதியாகத் தூங்குவேன்.

உங்கள்
வாயாடி

---

மார்ச் 9

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்று. மீசைக்கு வாயில் பூட்டே கிடையாது என்பது எனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இது ரொம்ப அதிகம். குழுவில் பேசியது குழுவோடு நிற்க வேண்டும். நாளைக்கு இது வெளியே தெரிந்தால் அவர் பாடு திண்டாட்டம். நீயும் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே.

எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. கூட்டத்தில் இருந்தேன்.

நடந்தது இதுதான். அந்த வழக்கை விசாரித்த ஜட்ஜ், இப்போது ஓய்வில் இருக்கிறார், அவரிடம் உன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர் அந்த வாய்தா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஜட்ஜே சொன்ன பிறகு நான் என்ன செய்வேன் சொல்லு? நீயும் நானும் ஒரே சீனியரிடம், ஒரே மேசையில் பாதிப் பாதி உட்கார்ந்து தொழில் கற்றவர்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் வாய் திறந்தால் தங்கச்சிக்குப் பரிந்து பேசுகிறான் என்பார்கள். அதனால் ஒதுங்கிக்கொண்டேன். முறையும் அதுதான்.

அப்புறம், உனக்கு எதற்கு அம்மா இந்தப் பட்டமெல்லாம்? நீ வராந்தாவில் நடந்து போனாலே நாலு கட்சிக்காரர்கள் பின்னால் வருகிறார்கள். அங்கே வருஷத்துக்கு ஒரு விருந்து, நீண்ட நீண்ட உரைகள், அவ்வளவுதான். உனக்கு அரை மணி நேரம் சும்மா உட்காரவே வராது. விட்டுத் தள்ளு.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். நான் குளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்புடன்
அண்ணன்

---

மார்ச் 13

அண்ணா,

ஒதுங்கிக்கொண்டீர்களா? நல்ல இடம் பார்த்துத்தான் ஒதுங்கியிருக்கிறீர்கள்.

உங்களுக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன், கேளுங்கள். என் கட்சிக்காரர் அந்தத் தொழிற்சாலையின் தகடு வெட்டும் இயந்திரத்தில் வலது கையைப் பறிகொடுத்தவர். தொழிற்சாலைக்கு நீங்கள். உங்கள் சாட்சிகளை விசாரிக்க அதுதான் கடைசித் தடவை, இனி வாய்தா கிடையாது என்று ஜட்ஜ் ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார். காலையில் வழக்கைக் கூப்பிட்டதும் நான் எழுந்து "தயார்" என்றேன். உங்கள் நாற்காலி காலி. உங்கள் ஜூனியர் கேஸ் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, "சீனியர் வெளியூர்ல இருக்கார். எதிர்த்தரப்பு அம்மா வாய்தாவுக்கு ஒத்துக்கிட்டாங்கன்னு எங்க சீனியர் போன்ல சொன்னார்" என்றார்.

நான் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. நீங்கள் வழக்கை டைரியில் அடுத்த வாரத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு, வேறு ஊரில், ஒரு ஹோட்டல் மண்டபத்தில், கோட்டில் பூ குத்திக்கொண்டு, அதே பேரவையில் உறுப்பினர் ஆகிக்கொண்டிருந்தீர்கள். ஜூனியர் போன் செய்து பதறியதும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டீர்கள்.

ஜட்ஜ் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, ஒத்துக்கிட்டீங்களா?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் தரப்பு சாட்சியத்தை அங்கேயே முடித்துவைத்திருப்பார். கோர்ட்டை ஏமாற்றப் பார்த்ததாக உங்கள் மேல் புகாரும் போயிருக்கும். "ஆமாங்க ஐயா, ஒத்துக்கிட்டேன். மறந்துபோய்த் தயார்னு சொல்லிட்டேன்" என்றேன். கோர்ட் முழுக்க ஆட்கள். எல்லார் முன்னாலும் அவர் என்னைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "எதிராளி இல்லாத நேரம் பாத்துக் குடுத்த வார்த்தையை முழுங்கறதெல்லாம் நல்ல வக்கீலுக்கு அழகா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் என் கட்சிக்காரர், "ஏம்மா விட்டீங்க?" என்று கேட்டார். எதிராளி இல்லாமல் வாங்கிய தீர்ப்பை அப்பீலில் ஒரே நாளில் உடைத்துவிடுவார்கள், நின்று ஜெயிப்போம் என்றேன். அதன்படியே நின்று ஜெயித்தோம், அது உங்களுக்கும் தெரியும். ஆனால் அதற்காக மட்டும் நான் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. உங்களுக்காகச் சொன்னேன். மறுநாள் நீங்கள் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதீர்கள். "சாகற வரைக்கும் இத மறக்க மாட்டேன்மா" என்றீர்கள். என் வீட்டுக்காரரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

பட்டம் வேண்டாம் எனக்கு. பிரச்சினை அது இல்லை. உங்கள் ஆட்கள் "அந்தம்மா வார்த்தை தவறுவாங்களா?" என்று ஊரெல்லாம் விசாரித்த விசாரணையில், தவறுவேன் என்றே பேச்சாகிவிட்டது. இரண்டு மாதமாக எதிர்த்தரப்பு வக்கீல்கள் எதைச் சொன்னாலும் "எதுக்கும் பதிவு பண்ணிடலாமே மேடம்" என்கிறார்கள். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. போன வாரம், ஒரு சாட்சிக்கு உடம்பு சரியில்லை, முன்னால் இருப்பவரைப் பின்னால் விசாரிக்கலாமா என்று ஒருவரைக் கேட்டேன். என்னிடம் பாடம் கேட்டவர் அவர். என் முகத்தைப் பார்க்காமலே, "ஜட்ஜ் முன்னாலயே சொல்லிடுங்க மேடம்" என்றார். நம் தொழிலில் பாதி வேலை வராந்தாவில் வாய்வார்த்தையில்தான் நடக்கிறது. அது போனால் நான் எதை வைத்து வழக்கு நடத்துவது?

மாசக் கடைசிக் கூட்டத்தில் எழுந்து, "அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை, தவறு என்னுடையது" என்று சொல்லுங்கள். அது போதும்.

வாயாடி

---

மார்ச் 18

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு வக்கீலாக யோசி.

நீ சொல்கிறபடி நான் எழுந்து உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? வார்த்தை தவறினாள் என்ற பேச்சு போகும். அதற்குப் பதிலாக, நிறைந்த கோர்ட்டில் ஜட்ஜிடம் பொய் சொன்னாள் என்ற பேச்சு வரும். பேரவையின் விதி உனக்குத் தெரியாது. எதிராளியிடம் வார்த்தை தவறியவரைக்கூட நாலைந்து வருஷம் கழித்துப் பரிசீலிப்பார்கள். கோர்ட்டில் பொய் சொன்னவருக்குக் கதவே கிடையாது. நான் பேசாமல் இருப்பது உன் நன்மைக்கும் சேர்த்துத்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா? நீயாகச் சொன்னாய். நான் நன்றி மறந்தவன் இல்லை. ஆனால் இன்றைக்கு அதை எடுத்துவைத்துக்கொண்டு, கூட்டத்தில் எழுந்து நின்று கழுத்தை நீட்டு என்றால் எப்படி?

உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாசக் கடைசிக் கூட்டத்தில் என்னைப் பேரவைக்குத் தலைவராக்கப் போகிறார்கள். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. தலைவராகிவிட்டால் உன் பெயரை நானே கொண்டுவருவேன். கொஞ்ச காலம் பொறுத்துக்கொள். வராந்தாப் பேச்சுக்கு ஆயுசு குறைவு. வேறு ஒரு விஷயம் கிடைத்ததும் உன்னை விட்டுவிடுவார்கள்.

அந்த ஜட்ஜ் மேல் வருத்தம் வைக்காதே. வயதானவர், மனசில் பட்டதைச் சொல்லிவிட்டார்.

அண்ணன்

---

மார்ச் 22

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை அந்த ஜட்ஜ் வீட்டுக்குப் போயிருந்தேன். சண்டை போட இல்லை, மன்னிப்புக் கேட்க. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, வேறு யார் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் அவரிடம் நான் சொன்னது பொய்தானே, அதையாவது நேரில் போய் ஒத்துக்கொள்வோம் என்று தோன்றியது.

மாடியில் செடித் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் அவர் இருமினால் நாம் நடுங்குவோமே, வீட்டில் பேத்தியின் பூப்போட்ட ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஒரு முக்காலி வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"எந்த வாய்தாம்மா?" என்றார்.

மறுபடி சொன்னேன். கையில்லாதவர் வழக்கு என்றதும்தான் வழக்கே நினைவுக்கு வந்தது. "உன்னைத் திட்டினேனா? திட்டியிருப்பேன். அப்ப யாரைத்தான் விட்டேன்!" என்றார். அப்புறம், "பேரவைல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. இப்படி ஒரு வக்கீல் எதிர்ல நின்னா ஜட்ஜுக்கு வேலை பாதின்னு சொல்லி அனுப்பினேன். வேற எதுவும் நான் சொல்லல. எனக்கே நினைவில்லாத ஒண்ண எப்படிம்மா சொல்லுவேன்?" என்றார்.

பொய் சொன்னதற்கு என்னைக் கோபித்துக்கொண்டார். அரை மணி நேரம் விடாமல் கோபித்துக்கொண்டார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொருவராக யோசித்தேன். ஜட்ஜ் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. உங்கள் ஜூனியர் அப்போதே வெளிநாடு போய்விட்டார். மறுநாள் மீசைக்காரரைப் பிடித்து, "அந்தப் பேச்சை முதல்ல எடுத்தது யாரு?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், "எனக்குக் கேஸ் இருக்கும்மா" என்று போய்விட்டார். அன்று அவருக்குக் கேஸ் எதுவும் இல்லை, பட்டியலை நான் பார்த்தேன்.

ஒதுங்கி நின்றதாகத்தானே எழுதினீர்கள். அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்துப் பார்த்தேன். பயந்தவர்கள் ஒதுங்குவார்கள், எனக்கும் பயம் தெரியும். ஆனால் யாரும் கேட்காதபோது, யாருக்கும் நினைவில்லாததைத் தோண்டி எடுத்து, என் தலையில் நீங்களே வைத்தீர்களா? அதற்கு ஒரு வயதானவரின் பெயரை வேறு இழுத்தீர்களா?

ஏன் அண்ணா? நான் உங்களுக்கு என்ன செய்தேன்? எதிராளியின் சாட்சிகள் எத்தனை பேரைக் குறுக்கு விசாரணை செய்திருப்பேன், இப்படி ஒரு கேள்வியை இவ்வளவு கெஞ்சி யாரிடமும் கேட்டதில்லை. ஏன்?

---

மார்ச் 25

வாயாடி,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இதையும் கிழித்துவிடுவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.

பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. சேருகிற வருஷம், விருந்தில், புது உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒரு கதை சொல்ல வேண்டும். ஜெயித்த கதை சொல்லக் கூடாது. கோர்ட்டில் மானம் போன கதை, கவிழ்ந்த கதை, இப்படித்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அது ஒன்றுதான் அங்கே உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

உன் பெயர் பட்டியலில் வந்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம். அன்று வீட்டுக்கு வந்து அண்ணியிடம், நம்ம வாயாடி வரப் போறா என்று சொல்லக்கூட வாய் எடுத்தேன். அப்போதுதான் நீ அந்த விருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிந்தது. உனக்குக் கதை சொல்ல எவ்வளவு பிடிக்கும்! சீனியர் அறையில் நீ பேச ஆரம்பித்தால் குமாஸ்தாகூடக் கதவோரம் வந்து நிற்பார். நீ அந்தக் கதையைச் சொல்வாய். கெட்ட எண்ணத்தோடு இல்லை, சிரிக்க வைக்கச் சொல்வாய். என் பெயரைக்கூடச் சொல்ல மாட்டாய். ஆனால் நான் எந்த வருஷம் சேர்ந்தேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். இவர் பேரவையில் சேர்ந்த அன்றைக்கே கோர்ட்டில் பொய் சொல்லிப் பிழைத்தவர் என்று ஒரு மேசை முழுக்கச் சிரிக்கும். நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

அன்று இரவிலிருந்து அது என்னை விடவில்லை. ஊரில் விசாரிக்க ஆள் அனுப்புவதற்கு முந்தின கூட்டத்தில், "இவரைப் பற்றி வேறு ஏதாவது?" என்று வழக்கமான கேள்வி கேட்டார்கள். வேறு எதையும் யோசிப்பதற்குள் என் வாய் பேசிவிட்டது. ஜட்ஜ் உன்னைக் கோர்ட்டில் திட்டியது உண்மைதானே, அதை மட்டும்தான் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீசை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணிக்கு இது தெரியாது. தெரிந்தால் என் முகத்தில் முழிக்க மாட்டாள். தயவுசெய்து படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நான் கெட்டவன் இல்லை அம்மா. பயந்தவன். அது உனக்கு அப்போதே தெரியும், அதனால்தானே காப்பாற்றினாய்.

அண்ணன்

---

மார்ச் 27

அண்ணா,

படித்தேன். அழுதேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன்.

எத்தனை கதை சொல்லியிருப்பேன்! என் மாமியார் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வந்து ஜட்ஜையே சாப்பிடக் கூப்பிட்ட கதையைச் சொல்லியிருக்கிறேன். நான் அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாதாடிய கதையைச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. வாய் துறுதுறுக்கும், சொல்ல மாட்டேன். வாயாடி என்று பேர் வைத்ததால் எதையும் உளறிவிடுவேன் என்று நினைத்துவிட்டீர்களா? நான் எதைப் பேசுவேன், எதைப் பேச மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் நான் இவ்வளவு காலமாக நம்பிக்கொண்டிருந்தேன். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் ஒரு நல்லது இருக்கிறது. உண்மை எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. இந்த உறைக்குள் வைத்து உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். இதை மீசைக்காரர் கையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், தெரியும். அப்படிச் செய்தால் அது நான் ஜெயித்த இன்னொரு வழக்காகத்தான் இருக்கும். எதிராளியின் கையெழுத்தை வைத்தே எதிராளியைச் சாய்ப்பது நமக்குப் பழகிய வேலை. அண்ணனிடம் எனக்கு அது வேண்டாம். உங்கள் வாயால் வர வேண்டும்.

தலைவர் ஆகுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன் இந்தக் கடிதத்தில் உள்ளதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஜட்ஜிடம் நான் பொய் சொன்னதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதற்காக என்னைத் தள்ளினால் தள்ளட்டும், அது நான் செய்ததுதான். செய்யாததற்குத் தள்ளியதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

குழுவுக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில், அந்த வழக்கில் நடந்ததை அண்ணன் நேரில் சொல்லுவார், அவரைக் கேளுங்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கேட்டால் சொல்லுங்கள்.

சொல்லுவீர்கள் என்று நம்புகிறேன். மேசையில் தலை கவிழ்ந்து அழுதது நீங்கள்தான். அது நடிப்பு என்று இன்னும் என்னால் நினைக்க முடியவில்லை.

உங்கள்
வாயாடி

---

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,

தேர்வுக் குழுவுக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம் கூட்டத்தில் படிக்கப்பட்டது. அதில் என்னைக் குறிப்பிட்டிருப்பதால் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

தாங்கள் குறிப்பிடும் வழக்கில், வாய்தாவுக்கு முன்கூட்டியே சம்மதித்திருந்ததாகத் தாங்களே திறந்த நீதிமன்றத்தில் தெரிவித்துள்ளீர்கள். அது நீதிமன்றக் குறிப்பில் பதிவாகியுள்ளது. தங்கள் சொந்த வார்த்தைகளுக்கு மாறாக நான் கூறுவதற்கு எதுவும் இல்லை. இதையே குழுவிடமும் தெரிவித்தேன்.

மார்ச் 27 தேதியிட்ட தங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தது. உறையில் அந்தக் கடிதம் மட்டுமே இருந்தது. தாங்கள் திருப்பி அனுப்பியதாகக் கூறும் வேறு கடிதம் எதுவும் அதில் இல்லை. அப்படி ஒரு கடிதத்தை நான் எழுதியதும் இல்லை.

தங்கள் பெயர் குறித்த பரிசீலனை முடித்துவைக்கப்பட்டது. இது தொடர்பாக இனி எழுத விரும்பினால் பேரவைச் செயலர் வழியாக எழுதவும்.

தங்கள் உண்மையுள்ள
தலைவர்

நகல்: செயலர், தேர்வுக் குழு

---

ஏப்ரல் 6

தலைவர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறது.

கூட்டம் முடிந்த மறுநாள் மீசைக்காரர் வந்து சொன்னார். என் கடிதத்தைப் படித்து முடித்ததும் எல்லாரும் உங்களைப் பார்த்தார்களாம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்கு அந்தப் பெண் மேல வருத்தம் இல்ல. ஏமாற்றத்துல ஏதோ எழுதிட்டா. இதோட விட்டுடுங்க, நடவடிக்கை எதுவும் வேண்டாம்" என்றீர்களாம். என்ன பெருந்தன்மை என்று எல்லாரும் கை தட்டினார்களாம். அப்புறம் உங்களைத் தலைவராக்கினார்களாம். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் கை தட்டினாரா என்று நான் கேட்கவில்லை.

நேற்று காலை ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல், என் வயதுக்காரி, பல வருஷப் பழக்கம், என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்றார். வாய்தாவுக்கான சம்மதம். போட்டுக் கொடுத்தேன். இனி இப்படித்தான்.

என் வீட்டுக்காரரிடம் நேற்றுதான் முழுக் கதையும் சொன்னேன். பஸ் டிப்போவில் இஞ்சின் பார்க்கிறவர் அவர், கோர்ட் விவகாரமெல்லாம் பிடிக்காது. ஆனால் கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "சரி விடு, அவர் கைப்பட எழுதின கடிதம் ஒண்ணு இருக்கே, அதோட நகலைக் கொண்டுபோய்க் குழுகிட்ட போடு. எங்க வெச்சிருக்க?" என்றார்.

எடுக்கவில்லை என்றேன்.

அவருக்கு நம்ப முடியவில்லை. "மிக்ஸி வாங்கின ரசீதையே மூணு நகல் எடுத்து வெக்கிறவ நீ. இத எடுக்கலையா?" என்றார்.

எடுக்கவில்லை. ஜெராக்ஸ் கடை எங்கள் வாசலுக்கு நேர் எதிரேதான் இருக்கிறது. ஜன்னலருகே உட்கார்ந்து, அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டேதான் உறையை ஒட்டினேன். அண்ணனுக்குத்தானே அனுப்புகிறோம், அண்ணனுக்குப் போய் நகல் எடுப்பதா என்று கூச்சமாக இருந்தது.

இந்தக் கடிதத்துக்கு நகல் எடுத்துக்கொண்டேன்.

வழக்கறிஞர்